கோதாவரி இரும்புப் பாலம்

தீர்த்தம் என்னும் வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பதும் ஒரு பழம்பொருளாம். உயிர்களை இக்கரையினின்று அக்கரை சேர்ப்பது யாதோ அதுவே தீர்த்தம். இக்கருத்தை உளங்கொண்டு நோக்குவார்க்கு, ஆந்திர நாட்டில் இராஜமகேந்திரவரத்தையும் கொவ்வூரையும் இணைத்துக் கோதாவரியின் குறுக்கே கிடக்கும் பழைய இரும்புப் பாலம், காசி யாத்திரிகரை ஏறத்தாழ நூறாண்டுகள் கரைசேர்த்த பெருந்துறையாகவே விளங்கும்.

சோதிலிங்கத் தலமாகிய திரியம்பகத்தின் அருகே பிறந்து கிழக்கு நோக்கி வரும் கோதாவரி, இவ்விரு நகரங்களின் இடையே கடலெனப் பரந்து செல்கின்றது. கிழக்குக் கரையில் மார்க்கண்டேசுவரர் கோயிலும் கோடிலிங்கத் துறையும் உள்ளன. மேற்குக் கரையிலுள்ள கொவ்வூரில், கௌதம முனிவரின் வரலாற்றோடு தொடர்புடைய கோஷ்பாதத் துறை உளது. குருபகவான் சிம்மராசியிற் புகுங்கால், பன்னீராண்டுக்கு ஒருமுறை வரும் புஷ்கரத்தில் இருகரையும் மக்கள் வெள்ளமாகும்.

இந்நகரம் தமிழர்க்கும் அயலன்று. முதலாம் இராசராச சோழனின் மகள் குந்தவை, கீழைச் சாளுக்கிய வேந்தன் விமலாதித்தனை மணந்தாள். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன் இங்கு வீற்றிருந்து, நன்னய பட்டரைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் இயற்றுவிக்கத் தொடங்கினான். அவன் மைந்தனே 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன்.

17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபர அடிகள் காசி சென்று திருமடம் நிறுவிய காலத்தில் இருப்புப்பாதை இல்லை. அந்நாளில் கீழைக் கடற்கரை வழியே வடக்கே செல்வோர், ஆறுதோறும் ஓடத்தையே நம்பியிருந்தனர். கோதாவரி பெருகிவரும் மழைக்காலத்தில் அக்கரை சேர்தல் எளிதன்று.

1893 முதல் 1896 வரையுள்ள ஆண்டுகளில் விசயவாடாவிலிருந்து கட்டாக் வரை இருப்புப்பாதை அமைந்தது. ஆயினும், இடையிற் கிடந்த கோதாவரி பயணத்தைத் துண்டித்தது. அக்குறை நீங்க, 1897-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் பாலப்பணி தொடங்கிற்று. 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பாலம் போக்குவரவுக்குத் திறக்கப்பெற்றது. கற்றூண்களின்மேல் இரும்புச் சட்டங்களைப் பொருத்தி அமைத்த 56 கண்கள். ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய 150 அடி. முழுநீளம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். பணியை மேற்பார்த்தவர் கிரான்வில் வால்டன். இவரே முன்னர்க் காசியில் கங்கையின் மேல் பாலம் எழுப்பியவர். அது 1948 முதல் மாளவியா பாலம் என வழங்குகின்றது. காசிக்குச் செல்லும் வழியிலும் காசியிலும் ஒருவரது கைத்திறனே மக்களைக் கரையேற்றியமை எண்ணி இன்புறத்தக்கது.

பாலத்துக்கு அந்நாளில் சென்னை ஆளுநராயிருந்த ஹாவ்லாக்கின் பெயர் இடப்பெற்றது. ஆற்றிலே நின்று கல் சுமந்தும், உயரத்தில் ஏறி இரும்பைப் பிணைத்தும் உழைத்த தொழிலாளரின் பெயர்களோ பாலத்தின் பெயரோடு சேரவில்லை. திருக்கோயில் கோபுரத்திற் கல்லேற்றியோர் நிலையும் இதுவேயன்றோ? பயனை நுகர்வோர் அவர்களை நன்றியுடன் நினைத்தல் கடன்.

சென்னைக்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடிய வண்டிகள் நெடுங்காலம் இப்பாலத்தின்மேற் சென்றன. தென்னாட்டிலிருந்து கங்கையாடச் சென்றோரும், கங்கைநீர் கொண்டு இராமேசுவரத்துக்கு வந்தோரும் இவ்வழியே கடந்தனர். 1974-இல் சாலையும் இருப்புப்பாதையும் ஒருங்கே அமைந்த மற்றொரு பாலம் தோன்றியது. 1997-இல் வில்வளைவுப் பாலம் பணியேற்க, 97 ஆண்டுகள் உழைத்த முதற்பாலம் ஓய்வு பெற்றது.

இன்று அங்குச் செல்வோர், வண்டியோசை அடங்கிய அந்த இரும்பு வரிசை ஆற்றின்மேல் நெடிது நிற்பதைக் காண்பர். அதனைப் பேணிக் காட்சிக்குரிய நினைவிடமாக்கும் எண்ணம் பலகாலும் பேசப்பட்டு வந்துள்ளது. பேச்சு நீளும்போதும் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை.

புதியதொன்றை எடுப்பதினும் பழுதுற்றதைப் புதுக்குதல் மேலான அறம் என்பர் பெரியோர். திருக்கோயில்களுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு ஆற்றுவதும் இதுபற்றியே. கல்லையும் சுதையையும் காத்தற்கு நிதியும் நெஞ்சும் ஈந்து மகிழும் அன்பர்கள், அடியார்களைக் கரைசேர்த்த இவ்விரும்புத் துறைக்கும் அத்தகைய கருணை உரியதென்பதை உணர்வாராக. கோதாவரி செல்வோர் நீராடி ஈசனை வணங்கியபின், அப்பாலத்தையும் ஒருகணம் நின்று நோக்குவாராக.

திருச்சிற்றம்பலம்