மிதுனம் என்னும் பெயர்

பன்னிரண்டு இராசிகளுள் மூன்றாவது மிதுனம். சோழர் கல்வெட்டுக்கள் ஆனித் திங்களை 'மிதுன நாயிறு' என வழங்கும். மிருகசீரிடத்துப் பின்னிரு பாதமும், திருவாதிரை முழுதும், புனர்பூசத்து முதன் முப்பாதமும் இவ்விராசியுள் அடங்கும். ஆதிரையோ முக்கட்பெருமானுக்குரிய நாண்மீன். மிதுனமோ ஆணும் பெண்ணுமாகிய இணை. ஆதலின், இப்பெயர் அம்மையப்பரைக் கருதி இடப்பட்டதோ என அன்பர்க்கு ஓர் எண்ணம் எழுதல் இயல்பே. அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகச்சாதகத்தில், கதை ஏந்திய ஆடவனும் வீணை ஏந்திய மங்கையுமாக மிதுனத்துக்கு உருவங் கூறினர். அந்நூலே இவ்விராசிக்கு 'ஜிதுமம்' என மற்றொரு பெயரும் தருகின்றது. இஃது இரட்டையர் எனப் பொருள்படும் 'திதுமொய்' என்னும் யவனச் சொல்லின் திரிபாம். யவனர் கருதிய இரட்டையர் காஸ்டர், பாலிடியூக்கஸ் என்னும் உடன்பிறந்தார். அவர்க்கு முற்பட்ட பாபிலோனியர் கண்ட 'பெரிய இரட்டையர்' தாமும் ஆண் தெய்வங்களே. அங்ஙனமாயின், உடன்பிறந்தார் இருவர் இந்நாட்டிற் போந்து ஆணும் பெண்ணும் ஆயது எவ்வாறு? வடமொழியில் மிதுனம் என்னுஞ் சொல் ஆண்பெண் இணையையே சிறப்பாகக் குறித்தலின், மொழிபெயர்த்த சொல்லே உருவையும் மாற்றிற்று என்பது எம் கருத்து.

தமிழில் இதற்கு ஆடவை, இரட்டை என்னும் பெயர்கள் உள. பரிபாடல் பதினோராம் பாட்டு மிதுனம் என்றே கூறி, அதனொடு புந்தியாகிய புதனைச் சேர்க்கின்றது; இராசிக்கு அதிபதி அவனே. அப்பாட்டே ஆதிரையைச் 'சடை' என்னுஞ் சொல்லாற் சுட்டுகின்றது. ஆதிரையைச் சிவபிரானொடு இயைத்த அப்புலவர், மிதுனத்தை அங்ஙனம் இயைத்திலர்.

பெயர் செவியில் மாறிப் பொருளும் மாறுதற்கு நடுநாட்டிலேயே ஒரு சான்றுண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டையிற் கோயில்கொண்ட இறைவரை இக்காலத்தார் கிராம அர்த்தநாரீசுவரர் என்பர். அவ்வூரைச் சோழர் கல்வெட்டுக்கள் இறையானரையூர் என்றும், இறைவரை 'ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர்' என்றும் குறிக்கும். ஊர் கிராமமாயிற்று, பாகம் அர்த்தமாயிற்று. பழம்பெயரில் நின்றது ஊரின் பாகமேயன்றி உமையின் பாகமன்று. 'நாரி' பின்னர்ப் புகுந்ததாம். இதனால் அவ்விறைவர் பெருமைக்கு யாதும் குறைவில்லை.

மிதுனத்தில் உள்ளார் இருவர். கூடுதலும் பிரிதலும் உடையார். அம்மையப்பரோ, கதிரவனும் ஒளியும்போலத் தாதான்மியமாய் நிற்கும் ஒரு பொருள். இவ்வேற்றுமையை மறந்து இராசிப் பெயரைச் சித்தாந்தத்துக்குச் சான்றாக்கின், சிவமுஞ் சத்தியும் இரு பொருள் என்னும் பிழை புகும். வானத்தை நோக்கினும், காஸ்டர், பாலிடியூக்கஸ் என்னும் இரு மீன்களும் நம் புனர்பூசமேயாம். ஆதிரைச் செம்மீன் அவ்விரட்டையர் உருவத்துக்குப் புறம்பே, ஓரியன் என்னும் வேட்டுவன் தோளில் நிற்கின்றது. அதனை மிதுனத்துள் வைத்தது முப்பது பாகைக் கணக்கேயாம்.