வரிக் கணக்கைப் பிரித்த இரண்டு டீச்சர்கள்

1899 முடிந்து 1900 பிறந்த குளிர்காலம். சிகாகோ கல்வி வாரியம் கையை விரித்தது. கஜானா காலி, தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு ஒப்புக்கொண்ட சம்பள உயர்வைத் தர வழியில்லை என்றது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஏறாமல் கிடந்த சம்பளம் அது.

மார்கரெட் ஹேலி அந்த ஆசிரியைகளில் ஒருவர். இறைச்சிக் கூடங்கள் நிறைந்த பகுதியில், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். ‘பணம் இல்லை’ என்ற பதிலோடு அவர் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. ஏன் இல்லை என்று கேட்டார். என்னைப் பொறுத்தவரை, இந்தத் தொடரில் நாம் பார்த்த கேள்விகளிலேயே துணிச்சலானது இதுதான்.

ஹேலியும் சக ஆசிரியை கேத்தரின் காகினும் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வரிக் கணக்குகளைத் துருவினார்கள். 1897-ல் தொடங்கிய சிகாகோ ஆசிரியர் சம்மேளனம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. உயர்வை இழந்த ஆசிரியைகளின் சந்தாப் பணம்தான் அலைச்சலுக்கும் வழக்குக்கும் ஆதாரம்.

கண்டுபிடித்தது இதைத்தான். டிராம், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி கம்பெனிகளின் உண்மையான சொத்து தண்டவாளமோ குழாயோ அல்ல. ஊரின் தெருக்களைப் பயன்படுத்த ஊரே கொடுத்த உரிமம். பங்குச் சந்தையில் அந்தப் பங்குகளுக்கு விலை ஏறியதே அந்த உரிமத்தால்தான். அதையும் மதிப்பிட்டு வரி போட வேண்டும் என்று இல்லினாய் மாநிலச் சட்டம் தெளிவாகவே சொன்னது. வரி மதிப்பீட்டு வாரியம் மட்டும் போடவில்லை. பள்ளிக்கு வரவேண்டிய பணம் முதலாளிகளின் பையிலேயே தங்கிவிட்டது.

சம்மேளனம் வழக்குப் போட்டது. 1901 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் ஆசிரியைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனிகள் மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு ஓடி, வரியை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. அப்படியும் சுமார் 6 லட்சம் டாலர் வசூலானது. தேர்தலில் ஓட்டுப் போடக்கூட உரிமையில்லாத பெண்கள் ஊருக்கு மீட்டுத் தந்த பணம்!

கல்வி வாரியம் தன் பங்கை என்ன செய்தது? நிலக்கரி பாக்கிக்கும் கட்டடப் பழுதுக்கும் ஒதுக்கிவிட்டு, சம்பள உயர்வுக்குப் பழையபடி கையை விரித்தது. மனம் கொதிக்கிறது. ஆசிரியைகள் இம்முறை கல்வி வாரியத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். 1904-ல் நீதிபதி எட்வர்ட் டன் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டே அவர் சிகாகோ மேயரானார். சம்மேளனம் அவருக்கு ஆதரவாக நின்றது.

இதற்கிடையே, 1902-ல், சம்மேளனம் சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. பாடம் சொல்லும் பெண்களுக்கும் கசாப்புக் கூடத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஹேலிக்கு அந்தச் சம்பந்தம் தினமும் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள்தானே அவருடைய மாணவர்கள்? ஓட்டில்லாத ஆசிரியைகளுக்கு ஓட்டுள்ள அப்பாக்கள் துணை வந்தார்கள்.

தோற்றவர்கள் மறக்கவில்லை. 1915-ல் கல்வி வாரியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: தொழிற்சங்கத்தோடு இணைந்த அமைப்பில் எந்த ஆசிரியரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. மறு ஆண்டு 68 ஆசிரியர்களுக்கு வேலை புதுப்பிக்கப்படவில்லை. அவர்களில் பலர் சம்மேளனத்தின் முன்வரிசையில் நின்றவர்கள். காகின் அப்போது உயிரோடு இல்லை. அந்த 1916-ன் தொடக்கத்தில், வாகனம் மோதி இறந்திருந்தார். ஹேலி தனியாக மீண்டும் நீதிமன்றப் படியேறினார்.

(தொடரும்)