வட்டுக்கோட்டையில் ஒரு கிரகணம்: கணிப்பும் அவதானமும்

1829 மார்ச் 20 ஆம் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணம் யாழ்ப்பாணத்து அறிவு வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், வட்டுக்கோட்டை செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் கிரகணத்தின் அளவு, நேரம் ஆகியவற்றில் வேறுபட்டன. அவதானம் பூவரின் கணிப்பையே உறுதிசெய்தது.

மிஷனரிமார் இதனைச் சமய வெற்றியாகக் காட்ட முற்பட்டனர். அம்முடிபு பொருந்தாது. கிரகணம் நிகழும் என்பதைச் சாஸ்திரியாரும் கணித்திருந்தார். நுட்பங்களிலேயே வாய்பாடு பிழைத்தது. அவதானத்தாற் காலந்தோறும் திருத்தப்படாத வாய்பாடு எதுவாயினும் வானத்தினின்று விலகியே தீரும். 1848 இல் செமினரியைச் சார்ந்த ஹொய்சிங்டன் சுதேச வானியலை ஆங்கில விளக்கத்துடன் பதிப்பித்தமை, அம்மரபு கற்கத்தக்கதென மறுதரப்பாரே ஒப்பியமைக்குச் சான்றாகும்.

மேனாட்டு அறிவியலுக்கும் இந்நியதி பொதுவானது. பால்வீதியைச் சார்ந்த திராகோ என்னும் குறு அண்டத்தில் மூன்று விண்மீன்களின் வேகங்களை அளந்த மார்க் ஆரன்சன், 1983 இல் தம் முடிபை வெளியிட்டார். ஒளிரும் பொருளின் ஈர்ப்பை மட்டும் கொண்ட கணிப்பு அவ்வேகங்களை விளக்கப் போதவில்லை. பின்வந்த அளவீடுகளும் அதனையே வலியுறுத்தின. ஆகவே காணாப் பொருளையும் சேர்த்து வானியலாளர் தம் கணிப்பைத் திருத்தினர்.

சாஸ்திரியாரின் மரபுக்கு அன்று வேண்டியிருந்ததும் இத்தகைய திருத்தமே. அதனைத் தோல்வியெனக் கருதி நாணியோரும், மரபின் பெயரால் மறுத்தோரும் ஒருங்கே அறிவியலின் இயல்பை அறியாதோராவர்.