தனியலையும் எல்லைக் கணக்கும்

1834 ஆம் ஆண்டு எடின்பரோ நகருக்கு அண்மையிலுள்ள யூனியன் கால்வாயில், குதிரைகள் இழுத்த படகொன்று திடீரென நின்றது. அதன்முன் திரண்ட நீர் தனியலையாய் உருக்குலையாது செல்வதை யோன் ஸ்கொற் றசல் குதிரைமீது தொடர்ந்து சென்று கண்டார். எயரி, ஸ்ரோக்சு முதலிய அறிஞர் ஐயுற்றனர். 1895 இல் கோர்த்தவெக்கும் த விரீசும் அவ்வலைக்குரிய சமன்பாட்டை வகுத்தனர்.

1967 இல் காட்னர், கிறீன், குறூசுகல், மியூறா என்போர், தொடக்க நிலை தரப்படின் அச்சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கண்டனர். ஆயின், அவ்வழி இருபுறமும் முடிவிலாக் கால்வாய்க்கே பொருந்தியது. ஒரு முனையிற் பொறியொன்று அலையெழுப்பின், அங்குள்ள எல்லைப் பெறுமானங்களுட் சிலவே அறியப்படும். தீர்வுக்கோ ஏனையவும் வேண்டும்.

1997 இல் ஃபோக்காசு வெளியையும் காலத்தையும் ஒருங்கே நோக்கும் முறையை வகுத்து, அப்பெறுமானங்களிடையேயுள்ள தொடர்பைப் புலப்படுத்தினார். சிறப்பான சில நிபந்தனைகளில் அறியாதவை நீங்கிவிடும். பிறவற்றில் இடர் இன்னும் உண்டு. மெய்யான கால்வாய்க்கு முடிவு உண்டாதலின், இவ்வினாவே இயற்கைக்கு அண்மையானதாம்.