ஒளியைத் திருகும் படிகம்: ஒரு குவார்ட்ஸ் துண்டால் நிறங்களைப் பிரிப்பது எப்படி?

சூரியனின் படங்களில் செக்கச்செவேல் என்று ஒரு வட்டமும், அதன் மேல் நெருப்பு நாக்குகளும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஹைட்ரஜன் வெளியிடும் ஒரே ஒரு சிவப்பு நிறத்தை, அதாவது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் பிரித்து எடுத்தவை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்திலிருந்து அந்த ஒரு நிறத்தை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள்? சாயம் பூசிய கண்ணாடியால் அது முடியாது. ஒளியின் அதிர்வுத் தளத்தோடு விளையாடும் படிகங்களால் முடியும்.

முதலில், தளம் என்றால் என்ன?

ஒளி ஓர் அலை. சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக அதிரும். போலரைசர் என்ற தகடு வழியாகப் போனால் ஒரே தளத்தில் அதிரும் ஒளி மட்டும் வெளியே வரும். பள்ளியில் இதைத் 'தளவிளைவு' என்று படித்திருப்பீர்கள். உங்கள் எல்சிடி லேப்டாப் திரையிலிருந்து வருவதும் இப்படிப்பட்ட ஒளிதான். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தால் திரை ஒரு கோணத்தில் இருட்டாவது இதனால்தான்.

படிகம் என்ன செய்கிறது?

1811-ல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். குவார்ட்ஸ் படிகத்தின் அச்சு வழியாக ஒளியை அனுப்பினால், அதன் அதிர்வுத் தளம் திரும்பிவிடுகிறது. குவார்ட்ஸில் அணுக்கள் சுழல் படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருப்பதே காரணம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். அகலமான கண்ணாடி ஜாடியில் கெட்டியான சர்க்கரைப் பாகை ஊற்றி, வெள்ளைத் திரைக்கு முன்னால் வையுங்கள். கூலிங் கிளாஸைக் கையில் பிடித்துச் சுழற்றியபடி அதன் வழியாகப் பாகைப் பாருங்கள். நிறம் மாறிக்கொண்டே போகும். சர்க்கரை மூலக்கூறும் தளத்தைத் திருப்பும். நீலத்தை அதிகமாக, சிவப்பைக் குறைவாக.

நமக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான். 1 மி.மீ. குவார்ட்ஸ் எவ்வளவு திருப்பும் என்று பாருங்கள்:

- சிவப்பு (656.3 நானோமீட்டர்): 17.3 டிகிரி
- மஞ்சள் (589.3): 21.7 டிகிரி
- பச்சை (527): 27.5 டிகிரி
- நீலம் (486.1): 32.8 டிகிரி

சரி, இதை வச்சு ஃபில்டர் எப்படிச் செய்வது?

ஹைட்ரஜன் விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் சிவப்புக் கோடு வேண்டும், நீலக் கோடு வேண்டாம். மூன்றே படிகள்.

ஒன்று: இரண்டு நிறங்களின் தளங்களும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலக வேண்டும். 1 மி.மீ.க்கு வித்தியாசம் 15.45 டிகிரி. 90-ஐ அதனால் வகுத்தால், தேவையான தடிமன் 5.83 மி.மீ.

இரண்டு: அந்தத் தடிமனில் சிவப்பு 101 டிகிரி திரும்பியிருக்கும், நீலம் 191 டிகிரி.

மூன்று: படிகத்துக்குப் பின்னால் இரண்டாவது போலரைசரை 101 டிகிரியில் வையுங்கள். சிவப்பு முழுசா வரும், நீலம் நின்றுவிடும். அதையே இன்னும் 90 டிகிரி திருப்பினால் நீலம் வரும், சிவப்பு நிற்கும். அவ்வளவுதான்.

தடிமனில் 0.1 மி.மீ. பிசகினாலும் நீலம் கசிவது சுமார் 0.3 சதவீதம்தான். கோணத்தைச் சற்றுத் திருத்தினால் அதுவும் குறையும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். படிகம் அதன் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். வலப்பக்கம் திருப்பும் குவார்ட்ஸும் உண்டு, இடப்பக்கம் திருப்புவதும் உண்டு. எது என்று தெரியாமல் கோணம் வைக்க முடியாது. உருக்கிய சிலிக்காவையும் சிலர் 'குவார்ட்ஸ்' என்றே சொல்வார்கள். அதில் அணு வரிசை கிடையாது. ஒளியைத் திருப்பவே திருப்பாது.

இங்கதான் சிக்கல்

நம் ஃபில்டர் இரண்டு கோடுகளைப் பிரிக்கும். ஆனால் சூரிய ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறதே! அதே 5.83 மி.மீ. துண்டில் மஞ்சள் 127 டிகிரி திரும்பும். சிவப்பிலிருந்து 26 டிகிரிதான் விலகல் என்பதால், மஞ்சளில் சுமார் 80 சதவீதம் வெளியே வந்துவிடும். பச்சையிலும் கால் பங்கு வரும்.

தடிமனைக் கூட்டினால் பட்டை குறுகும். ஆனால் பக்கத்திலேயே வேறு நிறங்களும் புதிதாக நுழையும். அதுவும் போக, 1 மி.மீ.க்கு இருபது டிகிரி சுழற்சி என்பது இந்த வேலைக்கு ரொம்பக் குறைவு.

இதற்கு வழி சொன்னவர் பிரெஞ்சு வானியலாளர் பெர்னார்ட் லியோ. அவர் 1933-ல் யோசனையை வெளியிட்டார்; ஸ்வீடனின் இங்வே ஓமன் 1938-ல் அதே வகை ஃபில்டரைத் தனியாகச் செய்து காட்டினார். அதே குவார்ட்ஸை அச்சுக்கு இணையாக வெட்டினால் வேறொரு குணம் வெளிப்படும்: ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போகும். 1 மி.மீ.யிலேயே மஞ்சள் ஒளியின் ஒரு பாதி சுமார் 15 அலைநீளம் பின்தங்கிவிடும். அலைநீளம் கொஞ்சம் மாறினாலும் இந்தப் பின்னடைவு மாறுவதால், நிறங்களை மிக நுணுக்கமாகப் பிரிக்கலாம்.

லியோ ஃபில்டரில் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட இரு மடங்கு தடிமன்; நடுவில் போலரைசர்கள். தடித்த துண்டு பட்டையைக் குறுக்கும், அது உள்ளே விடும் வேண்டாத நிறங்களை மெல்லிய துண்டுகள் தடுக்கும். இப்படி 0.05 நானோமீட்டர் அளவுக்குக் குறுகிய பட்டை கிடைக்கும். ஆனால் வெப்பநிலை மாறினால் பட்டை நகர்ந்துவிடும். அதனால் முழு ஃபில்டரையும் ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

இது யாருக்கு முக்கியம்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 2014-ல் நிறுவப்பட்ட எச்-ஆல்ஃபா தொலைநோக்கி லியோ ஃபில்டர் வழியாகத்தான் சூரியனைப் பார்க்கிறது. சூரியத் தெறிப்புகளும் வெடிக்கத் தயாராகும் இழைகளும் அந்தச் சிவப்பில் தெளிவாகத் தெரியும். வெடிப்பின் ஒளி நம்மை எட்ட எட்டு நிமிடம். அதோடு கிளம்பும் மின்துகள் மேகம் வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள். 1989 மார்ச் 13-ல் அப்படி ஒரு புயல் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் செய்தது. செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் நடத்துகிறவர்கள் தயாராவதற்கு இருப்பது ஒளிக்கும் மேகத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான். அதற்கு முதலில் வெடிப்பு கண்ணில் பட வேண்டும். அதற்கு, மற்ற நிறங்களையெல்லாம் யாராவது தடுத்து நிறுத்த வேண்டும்.