16ஆம் பெனடிக்டின் பதவி விலகல் (2013)

2013 பிப்ரவரி 11 அன்று காலை வத்திக்கானில் கர்தினால்கள் கூடியிருந்தனர். 1480இல் இத்தாலியின் ஓத்ராந்தோ நகரில் ஒட்டோமான் படையினரால் கொல்லப்பட்ட மறைசாட்சிகள் உள்ளிட்டோருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் நாளை முடிவுசெய்வதே அன்றைய அலுவல். அது முடிந்ததும் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை (போப்) 16ஆம் பெனடிக்ட் ஒரு தாளை எடுத்து இலத்தீனில் வாசித்தார். முதுமையால் வலுக்குன்றிவிட்டதாகவும், பிப்ரவரி 28 இரவு 8 மணியோடு பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் அதில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 85. இத்தாலியின் அன்சா செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த ஜொவான்னா கீர்ரிக்கு இலத்தீன் தெரியும். அவர் வழியாகவே செய்தி முதலில் வெளியே வந்தது.

திருச்சபைச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 332ஆம் விதிப்படி விலகல் மனமுவந்து செய்யப்பட வேண்டும், முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும். அதை எவரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. சட்டம் இருந்தும் வழக்கம் இல்லை. இதற்கு முன் விலகிய 12ஆம் கிரகோரி, திருச்சபையின் பிளவை முடிவுக்குக் கொண்டுவர 1415இல் பதவி துறந்தார். 1294இல் விலகிய துறவி 5ஆம் செலஸ்தீனுக்கு நேர்ந்தது துயரமானது. முன்னாள் திருத்தந்தையைச் சுற்றி எதிரணி திரண்டுவிடுமோ என்று அஞ்சிய அடுத்த திருத்தந்தை 8ஆம் பொனிப்பாஸ், அவரைக் காவலில் வைத்தார். 1296இல் அவர் காவலிலேயே இறந்தார். 2009இல் லாக்குயிலா நகருக்குச் சென்ற பெனடிக்ட், அந்தச் செலஸ்தீனின் கல்லறைமீது தாம் தோளில் அணியும் பட்டையான பால்லியத்தை வைத்துவிட்டு வந்தார். விலகுவது சில வேளைகளில் திருத்தந்தையின் கடமையாகவும் ஆகலாம் என்று 2010இல் வெளிவந்த நேர்காணல் நூலிலும் சொன்னார். இரண்டையும் அன்று பெரும்பாலோர் கருத்தில் கொள்ளவில்லை.

அறிவிப்பைக் கேட்டதும் கர்தினால் குழுவின் தலைவர் ஆஞ்செலோ சொதானோ, தெளிந்த வானத்தில் விழுந்த இடிபோல் இருந்ததாகக் கூறினார். அன்று மாலை புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் உண்மையாகவே மின்னல் தாக்கியது. அந்தப் படம் உலகெங்கும் பரவியது. பாராட்டும் வருத்தமும் ஒருசேர எழுந்தன. பெனடிக்டுக்கு முந்தைய திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுலின் செயலராக இருந்த கர்தினால் ஸ்தனிஸ்வாவ் ஜீவிஷ், கிறிஸ்து சிலுவையிலிருந்து இறங்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் ஜான் பவுல் நோயிலும் இறுதிவரை பொறுப்பில் நீடித்தார் என்றார். பெனடிக்டின் மீது வைத்த குற்றச்சாட்டாகவே பலர் இதை எடுத்துக்கொண்டனர். நோயைத் தாங்கிக்கொண்டு நீடிப்பதும் பொறுப்பு, இயலாமையை ஒப்புக்கொண்டு வழிவிடுவதும் பொறுப்பு என்பதால் இந்த விவாதம் எளிதில் ஓயவில்லை. 2012இல் திருத்தந்தையின் பணியாளர் வழியாக இரகசிய ஆவணங்கள் கசிந்த விவகாரமே உண்மைக் காரணம் என்ற ஊகமும் வலுவாக இருந்தது. தூக்கமின்மையே முதன்மைக் காரணம் என்று பெனடிக்ட் தம் வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கு 2022இல் எழுதினார்.

அடுத்தவர் யார் என்ற பேச்சு அன்றே தொடங்கியது. மிலான் பேராயர் ஆஞ்செலோ ஸ்கோலா, பிரேசிலின் ஒடிலோ ஷெரர், கனடாவின் மார்க் ஊலே, கானாவின் பீட்டர் டர்க்சன், மணிலாவின் லூயிஸ் அந்தோனியோ தாக்லே ஆகியோர் அதிகம் பேசப்பட்டனர். கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித்தின் பெயரும் சில பட்டியல்களில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தோ ஆசியாவிலிருந்தோ ஒருவர் வருவாரா என்பதே அன்றைய பெரிய கேள்வி. புவெனஸ் ஐரிஸ் பேராயர் ஹோர்கே மரியோ பெர்கோலியோ 76 வயதைத் தொட்டிருந்ததால், அவருடைய காலம் கடந்துவிட்டதாகப் பலர் எண்ணினர். பட்டியல் போட்டவர்கள் நாட்டையும் வயதையும் பார்த்தார்கள். தேர்தலுக்கு முந்தைய கூட்டங்களில் யார் என்ன பேசினார் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. திருச்சபை தன்னையே சுற்றிக்கொண்டிராமல் விளிம்புகளுக்குச் செல்ல வேண்டும் என்று அங்கே பெர்கோலியோ ஆற்றிய சிற்றுரை கர்தினால்கள் பலரைத் தொட்டது.

மார்ச் 12இல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களின் கூட்டமான கான்கிளேவ் தொடங்கியது. இந்தியாவிலிருந்து ஐவர் உட்பட 115 பேர் வாக்களித்தனர். தேவைப்பட்டவை 77 வாக்குகள். மறுநாள் மாலை, ஐந்தாம் வாக்கெடுப்பில், பெர்கோலியோ தேர்வாகி பிரான்சிஸ் என்ற பெயரை ஏற்றார். ஸ்கோலாவே வென்றார் என்று எண்ணி இத்தாலிய ஆயர் பேரவை அவரை வாழ்த்தும் செய்தியையே வெளியிட்டுவிட்டது.

ஓய்வுபெற்ற பெனடிக்ட் வெள்ளை உடையைக் களையாமல் வத்திக்கான் தோட்டத்து மடம் ஒன்றில் வாழ்ந்து, 2022 டிசம்பர் 31 அன்று காலமானார். அவருடைய அடக்கத் திருப்பலிக்குப் பிரான்சிஸே தலைமை தாங்கினார்.