லிமோனீனும் ஆண் எலியின் சிறுநீரகமும்

லிமோனீன் என்பது ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலிலும் சீமைச் சீரகம், சதகுப்பை, மிளகு போன்ற நறுமணப் பொருள்களிலும் காணப்படும் கரிமச் சேர்மம். ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கும்போது தெறிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இதுவே. 10 கரிம அணுக்களும் 16 ஹைட்ரசன் அணுக்களும் கொண்ட இது தெர்ப்பீன் வகையைச் சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தன. ஆரஞ்சிலிருந்து கிடைத்தது ஹெஸ்பெரிடீன், எலுமிச்சையிலிருந்து கிடைத்தது சிட்ரீன், சீமைச் சீரகத்திலிருந்து கிடைத்தது கார்வீன் எனப்பட்டது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் கெக்குலேயின் ஆய்வகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நறுமண எண்ணெய்ப் புட்டிகளை 1880களில் ஓட்டோ வாலக் ஆராயத் தொடங்கினார். திரவங்களாக ஒப்பிட்டால் வேறுபாடு தெரிவதில்லை என்பதால், புரோமின் போன்றவற்றுடன் வினைபுரியச் செய்து படிகங்களாக்கி அவற்றின் உருகுநிலைகளை ஒப்பிட்டார். பல பெயர்கள் ஒரே பொருளைக் குறித்தது இவ்வாறு தெளிவானது. தெர்ப்பீன் ஆய்வுகள் உள்ளிட்ட பணிகளுக்காக 1910இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

லிமோனீன் பற்றிய பெரிய ஐயம் 1990இல் எழுந்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் இரண்டாண்டுகள் நடத்திய சோதனையில், இதை உட்கொண்ட ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் தோன்றின. பழச்சாறு, மிட்டாய், மெல்லும் பசை என எங்கும் சேர்க்கப்படும் பொருள் புற்றுநோய் தருமா என்ற கேள்வி எளிதாக ஒதுக்கக்கூடியதன்று. ஆனால் அதே சோதனையில் பெண் எலிகளுக்கு, ஆண் எலிகளைவிடக் கூடுதல் அளவு கொடுத்தும் கட்டி வரவில்லை. சுண்டெலிகளில் ஆண், பெண் இரண்டுக்கும் வரவில்லை.

விடை ஒரு புரதத்தில் இருந்தது. ஆண் எலியின் கல்லீரல் ஆல்ஃபா-2யூ-குளோபுலின் என்ற புரதத்தைப் பெருமளவில் சுரக்கிறது. லிமோனீன் உடலில் மாற்றமடைந்து உருவாகும் ஒரு பொருள் இப்புரதத்துடன் ஒட்டிக்கொள்வதால் அது செரிக்கப்படாமல் சிறுநீரகச் செல்களில் தேங்குகிறது. செல்கள் மடிந்து மீண்டும் மீண்டும் பெருகுவதே கட்டிக்கு வழி வகுக்கிறது. இப்புரதத்தைச் சுரக்காத எலியினம் ஒன்றில் லிமோனீன் இந்தப் பாதிப்பை ஏற்படுத்தவில்லை. வாதத்தை உறுதிசெய்த சோதனை இதுவே எனலாம். மனிதரிடம் இப்புரதம் இல்லை. 1999இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் லிமோனீனை வைத்தது.

விந்தை என்னவெனில், பெண் எலிகளின் மார்பகக் கட்டிகளை லிமோனீன் குறைப்பதாக 1980களிலேயே ஆய்வுகள் வந்திருந்தன. அந்த நம்பிக்கையில் நடந்த மருத்துவச் சோதனையின் முடிவுகள் 1998இல் வெளியாயின. முற்றிய புற்றுநோய் கொண்ட 32 பேரில் மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு மட்டும் கட்டி ஓரளவு சுருங்கியது; அடுத்துச் சேர்க்கப்பட்ட 10 மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பலன் இல்லை. ஆரஞ்சுத் தோல் புற்றுநோயைத் தீர்க்கும் என்று பரவும் செய்திகளுக்கு இது போதிய சான்றாகாது.

உண்மையில் கவனிக்க வேண்டிய தீங்கு தோலில் ஏற்படுவது. காற்றுப்பட்ட லிமோனீன் ஆக்சிசனுடன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகிறது. ஒவ்வாமையைத் தூண்டுபவை பெரும்பாலும் இவையே. தூய லிமோனீனுக்கு அத்திறன் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொண்டுவந்த விதிப்படி, தோலில் தங்கும் அழகுப் பொருள்களில் 0.001 விழுக்காட்டுக்கு மேலும், கழுவி நீக்கும் பொருள்களில் 0.01 விழுக்காட்டுக்கு மேலும் லிமோனீன் இருந்தால் அதன் பெயரை உறையில் அச்சிட வேண்டும்.